விண்ணில் ஒரு தராசு: நிலத்தடி நீரை 'டாம் அண்ட் ஜெர்ரி' எடை போட்டது எப்படி?

மழை பெய்தால் போதும், செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, புழலில் எத்தனை அடி என்று சென்னைவாசிகள் போனில் பார்த்துவிடுவார்கள். ஆனால், அபார்ட்மென்ட் போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஏரி கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் தெரியாது.

அதை அளக்க விநோதமான ஒரு வழி உண்டு: விண்ணிலிருந்து எடை போடுவது!

2002 மார்ச்சில் அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்ற இரட்டை செயற்கைக்கோள்களை ஏவின. செல்லப்பெயர் டாம் அண்ட் ஜெர்ரி. பெயருக்கேற்ற மாதிரி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே சுற்றின, சுமார் 220 கி.மீ. இடைவெளியில்.

பூமியில் எடை அதிகமுள்ள இடத்தை நெருங்கும்போது, முன்னால் போவது கொஞ்சம் கூடுதலாக இழுக்கப்படும், இடைவெளி விரியும். பின்னால் வருவது அங்கே வந்ததும் இடைவெளி சுருங்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் கருவி கண்டுபிடித்துவிடும். மாதாமாதம் இப்படி அளந்தால், எந்தப் பகுதி 'எடை குறைந்தது' என்பது தெரிந்துவிடும். மண்ணின் ஈரப்பதம் போன்றவற்றின் பங்கைக் கழித்தால் மிச்சம் நிலத்தடி நீர்தான்.

41 மேட்டூர் அணை

2009-ல் 'நேச்சர்' இதழில் நாசா விஞ்ஞானி மேத்யூ ரோடெல் குழு வெளியிட்ட கணக்கு இந்தியாவை அதிரவைத்தது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், டெல்லி பகுதி இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். நம்ம ஊர் கணக்கில் சுமார் 3,850 டி.எம்.சி. மேட்டூர் அணையை 41 முறை நிரப்பலாம்!

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் மழை ஏறக்குறைய வழக்கமான அளவுதான். வானத்தைக் குறை சொல்ல முடியாது, மோட்டார்தான் காரணம். அதே 2009-ல் பஞ்சாப் அரசு, கோடையின் உச்சத்தில் நெல் நடுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது.

தமிழ்நாடே ஒரு புள்ளி

பிரமாதமான கருவிதான், ஆனால் இதன் பார்வை ரொம்பப் பெரிசு. சுமார் ஒன்றரை லட்சம் சதுர கி.மீ.க்குக் குறைவான பகுதியை நம்பகமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம் சதுர கி.மீ.தான். 2018-ல் போன அடுத்த ஜோடிக்கும் இதே பிரச்சினை. உங்கள் தெரு என்ன, உங்கள் மாவட்டமே அதற்குத் தெரியாது.

ஆகவே, கிணற்றுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது என்று காட்ட, இப்போது பல கிணறுகளில் தானியங்கி சென்சார்கள் வந்திருக்கின்றன. மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிட்டு, தகவலைத் தானே அனுப்பிவிடும்.

2019-ல் தொடங்கிய 'அடல் பூஜல்' திட்டம் இன்னும் ஒரு படி போய், ஊர்க்காரர்களையே அளக்கவைத்து, தண்ணீருக்கு வரவு-செலவு எழுதவைத்தது. ஏழு மாநிலங்களில் வந்த அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை.

அபார்ட்மென்ட்டில் அளப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும் டேப் இருக்கிறது. மோட்டாரைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, காலையில் முதல் வேலையாக அதை உள்ளே விட வேண்டும். போர்வெல் மூடியைத் திறக்க அசோசியேஷன் சம்மதிக்கணும், அவ்வளவுதான்.