கச்சானுக்கு எதிரே ஒரு கூடாரம்

ஆகஸ்ட் மாதத்து நிந்தவூரில் கச்சான் வீசத் தொடங்கினால் காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் இருக்க முடியாது. கடல் காலடியில் கிடக்கிறது. காற்று வருவதோ வயல் பக்கமிருந்து. உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சாரன் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். சிறுபோக நெல் காயப்போட்டவருக்கு மட்டும்தான் அந்தக் காற்றில் மகிழ்ச்சி. மற்றவர்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் ஒரே நினைப்பு, நுவரெலியா. முன்பெல்லாம் வேன் பிடித்துப் போனால் அறை எடுத்துத் தங்கிவிட்டு வருவோம். இப்போது இளசுகள் அறையை விட்டுவிட்டு வாவிக்கரையில் கூடாரம் அடிக்கவே ஆசைப்படுகிறார்கள்.

வெயிலுக்குப் பயந்து எந்தக் காற்றிடமிருந்து ஓடுகிறோமோ, அந்தக் காற்று கிளம்பிவரும் வாசலுக்கே போய்க் கூடாரம் அடிக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. நுவரெலியாவின் குளிரும் நிந்தவூரின் கச்சானும் ஒரே காற்றின் இரண்டு குணங்கள்தான்.

பதுளை வழியாகப் போகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, பசறை என்று ஏறினால் ஆகஸ்டில் வழிநெடுக வறட்சி. பதுளையைக் கடந்து வெலிமடைக்கு வந்தாலும் குன்றுகளில் புல் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். குளிர் வந்திருக்கும், மழை வந்திருக்காது. ஹக்கலைக்கு ஏறும் கடைசிச் சில கிலோமீற்றருக்குள் எல்லாம் மாறிவிடும். முதலில் மரங்களில் பாசி, பிறகு முகில், அதற்குப் பிறகு சாரதி துடைப்பானைப் போட்டுவிடுவார். காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைப் பட்டைக்காக வளர்க்கவென்று 1861இல் ஹக்கலையில் தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். அந்தத் தோட்டம் நிற்கும் மலைதான் இரண்டு காலநிலைகளுக்கும் நடுவே எல்லைக் கல்.

நடப்பது இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கையின் மேற்குக் கரையில் ஏறுகிறது. எதிரே மத்திய மலைநாடு, அதன் உச்சி 2524 மீற்றர் உயரமான பீதுருதலாகல. காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏற அமுக்கம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. நீராவி திரளாத காற்று ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிரும். முகில் திரளத் தொடங்கியதும் கதை மாறுகிறது. நீராவி நீராகும்போது, தான் ஆவியானபோது வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஒரு லீற்றர் மழைநீர் திரளும்போது வெளிவரும் வெப்பம், 20 பாகையிலுள்ள ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இந்த வெப்பம் கிடைப்பதால் முகிலுக்குள் ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு 5 பாகை அளவே குளிர்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேற்குக் கரையில் 28 பாகையில் இருந்த காற்று 600 மீற்றரில் முகிலாகத் தொடங்கும்போது 22 பாகை. அங்கிருந்து 2000 மீற்றர் உயரத்துக்குப் போகையில் 15. சுமந்து வந்த ஈரத்தை வட்டவளைப் பக்கமெல்லாம் கொட்டியாயிற்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் அது. இனிக் கிழக்கே இறக்கம். இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. திரள நீராவி இல்லாததால் ஏறியபோது கிடைத்த சலுகை இப்போது கிடையாது, ஆயிரம் மீற்றருக்கு முழுசாக 10 பாகை கூடும். நம் வயல்களுக்கு வந்துசேரும்போது 35 பாகை. மெய்யான காற்று இத்தனை ஒழுங்காக நடந்துகொள்ளாது, வழியில் கலக்கும், தேங்கும். ஆனாலும் புறப்பட்ட இடத்தைவிட வந்த இடத்தில் சூடும் வறட்சியும் கூடியிருப்பதன் காரணம் இந்த ஏழு பாகைக் கணக்குதான். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச்சரிவுகளில் இதே வகைக் காற்றை ‘ஃபோன்’ என்கிறார்கள். வானிலைப் பாடநூல்களில் கச்சானும் அந்த இனத்தில்தான் சேர்கிறது.

நமக்கு எரிச்சல் மூட்டும் காற்று ஊவாக்காரருக்குக் காசு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் வாடும் தேயிலைக் கொழுந்தில் ஊறும் தனி வாசனைக்காகத்தான் ஊவாத் தேயிலை உலக ஏலங்களில் பேர் வாங்கியது.

சரி, வாவிக்கரைக்கு வருவோம். நுவரெலியாவின் கிரகரி வாவி இயற்கையானதல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தை மறித்துக் கட்டியது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் நிந்தவூரில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். வேனில் கொண்டுபோன மிக்ஸ்சர் பைக்கற் பலூனாக உப்பியிருப்பதற்கும், முதல்நாள் படியேறினால் மூச்சு வாங்குவதற்கும் இதுவே காரணம். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். சஹன் சாப்பாட்டுக்கென்று ஆட்டிறைச்சி அடுப்பேற்றி, இன்னும் வேகவில்லையே என்று நெருப்பைத் தூண்டிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை பிரஷர் குக்கரைக் கொண்டுபோவது நல்லது.

கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதில்தான் நம் ஆட்கள் கடற்கரைப் புத்தியைக் காட்டுகிறார்கள். தண்ணீரை ஒட்டி, பள்ளத்தில், தட்டையான இடம் பார்த்து அடிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆள் யாராவது, “அங்கன வேணாங்க, கொஞ்சம் மேட்டுல போடுங்க” என்று சொன்னாலும் கேட்பதில்லை. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. முகிலில்லாத, காற்றில்லாத இரவில் மண்ணும் புல்லும் தம் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிட்டுக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகிச் சரிவு வழியே வழிந்து, பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே விடியற்காலையில் பள்ளத்தைவிட முப்பது நாற்பது மீற்றர் மேலே உள்ள சரிவில் சூடு சில பாகை கூடுதலாக இருக்கும். உயரம் கூடினால் குளிரும் என்ற பாடம் அந்த இரவுக்கு மட்டும் தலைகீழ். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலை கருகும்போதும் பள்ளத்துக் கொழுந்துதான் முதலில் கருகும். வெப்பமானி 3 பாகை காட்டும்போதே இலையில் பனி படியும், ஏனென்றால் இலையின் சூடு காற்றினதைவிடக் கீழே போயிருக்கும்.

வாவித் தண்ணீருக்கு மட்டும் இந்த அவசரம் இல்லை. காய்ந்த மண்ணைவிட ஐந்து மடங்கு வெப்பம் கொள்ளும் பொருள் அது, ஆறுவதும் மெதுவாக. சுபஹுக்கு வுழூச் செய்ய வாவியில் கை வைப்பவர் ஆச்சரியப்படுவார். காற்று 8 பாகையில் நடுக்கும்போது தண்ணீர் 16 பாகையில் வெதுவெதுப்பாகப் படும். தண்ணீர்மேல் வெள்ளையாகப் புகை எழும்பும். சூடான நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றில் உடனே திரள்வதுதான் அது. கையை வெளியே எடுத்ததும் உண்மை தெரியும். முகத்திலும் முழங்கையிலும் ஒட்டியுள்ள நீர் ஆவியாகும்போது அதே மறைவெப்பத்தை நம் தோலிடமிருந்து பிடுங்குகிறது. மலையில் மழையாகும்போது காற்றுக்குக் கொடுத்த கடனை இங்கே நம்மிடம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துவாயைத் தோளில் வைத்துக்கொண்டு வுழூச் செய்வதே கெட்டித்தனம்.

கூடாரத்துக்குள்ளும் இதே கதைதான். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லீற்றர் நீரையாவது வெளிவிடுகிறார். நாலு பேர் படுத்தால் ஒரு லீற்றர். குளிருக்குப் பயந்து எல்லாச் சிப்பையும் இழுத்து மூடினால், அந்த ஒரு லீற்றரும் கூடாரத் துணியில் திரண்டு, விடியப்புறம் முகத்தில் சொட்டும். கூடாரம் ஒழுகுது என்று வாடகைக்குத் தந்தவருடன் சண்டை பிடித்துப் பயனில்லை. மேலே ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் கூடுதலாக வரும். போர்வையின் பஞ்சில் சிறைப்பட்ட காற்றுதான் நம்மைச் சூடாக வைத்திருப்பது. உடல் பாரத்தில் அடியிலுள்ள பஞ்சு நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடும், நிலம் நேரடியாக வெப்பத்தை உறிஞ்சும். பன்பாய் நம் மணல் முற்றத்துக்குச் சரி. மலையில் அதன்கீழ் ரெஜிபோம் தட்டு ஒன்றாவது விரிக்க வேண்டும்.

கரி அடுப்பை மட்டும் உள்ளே எடுக்கக் கூடாது. எரிந்து தணலான கரி புகைவதில்லை, மணப்பதில்லை, அதனால்தான் ஆபத்து. அது விடும் காபனோரொட்சைட்டு, குருதியின் ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், தூக்கம் வருகிறதே என்று படுத்தவர் எழும்ப மாட்டார்.

காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்மின் நீர்த்தேக்கங்களின் கரைக்குப் போகிறவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். அவை மழை பெறும் பக்கத்தில் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கியபோது தெரியும் தட்டைச் சேற்று நிலம் கூடாரத்துக்கு வசதியாகத்தான் இருக்கும். மேலே மலையில் பெய்யும் ஒரு இரவு மழைக்கு அது மீண்டும் குளத்துக்குச் சொந்தம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் மலைப்பக்கமே போகாதிருப்பது உத்தமம்.

ஆக, ஆகஸ்டில் போகிறவருக்குக் கிடைப்பது முகிலும் தூறலும்தான். முகில் போர்வையாக நின்று இரவில் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் கடுங்குளிரும் இராது, வெள்ளிகளும் தெரியா. வாவியின் புகையும் புல்லில் உறைபனியும் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ, வானம் துடைத்துவிட்ட நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அப்போது பள்ளிக்கூடம் நடக்கும், பெரும்போக வேளாண்மையும் முற்றி நிற்கும். அறுவடைக்கு மெசின் பேசி முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பயணம் வாய்க்கும்.