ஏஜென்ட் படிக்கும் நாலு வரி

டீ ஆறுவதற்குள் அடிப்படையைப் பேசிவிடுவோம். ஏஐ ஏஜென்ட் என்கிறார்களே, அது இன்னொரு மென்பொருளை எப்படி இயக்குகிறது?

ஏஜென்டுக்குள் யோசிப்பது மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்). அந்த மாதிரியிடம் உங்கள் நிரல் முதலில் ஒரு பட்டியலைக் கொடுக்கிறது: இந்தப் பெயரில் ஒரு டூல் இருக்கிறது, அது இன்ன வேலை செய்யும், அதற்கு இன்னின்ன விவரம் வேண்டும். பயனர் கேட்டதைப் படித்துவிட்டு, எந்த டூலுக்கு என்ன மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று மாதிரி எழுதித் தருகிறது. டூலை ஓட்டுவது உங்கள் நிரல்தான். வந்த விடையைப் பார்த்து மாதிரி அடுத்த வேலைக்குப் போகும். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் இந்த வசதியைத் தன் ஏபிஐயில் சேர்த்தது. ஏஐ செயலிகளை வெளி டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் ஒரு டூலை அறிமுகப்படுத்துபவை முக்கியமாக இவைதாம்: பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு.

டூலுக்குள் இருக்கும் நிரல் வரிகள் மாதிரியின் கண்ணில் படுவதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பார். ஒரு மாதத்தில் பழகியும்விடுவார். ஏஜென்டுக்கோ, நீங்களாக நினைவில் வைக்க ஏற்பாடு செய்யாவிட்டால், தினமும் முதல் நாள்தான். நீங்கள் எழுதிவைத்த நாலு வரியை நம்பித்தான் அது இறங்குகிறது.

இணையக் கடை ஒன்றின் ரீஃபண்ட் டூலை எடுத்துக்கொள்வோம். விளக்கம்: ‘பணத்தைத் திருப்பித் தரும்’. உள்ளீடு: ‘தொகை’. எழுதியவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் அவருக்கு இதுவே போதும். வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் திரும்ப வர வேண்டும்; ஏஜென்ட் 500 என்று நிரப்புகிறது. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகளின் ஏபிஐ ரூபாய்த் தொகையைப் பைசாவில்தான் வாங்கிக்கொள்ளும். டூல் அந்த எண்ணை அப்படியே அனுப்பினால் எரர் வராது; ஐந்து ரூபாய் போய்ச் சேரும். ஏஜென்டும் ‘500 ரூபாய் அனுப்பிவிட்டேன்’ என்று பணிவாகச் சொல்லிவிடும். நின்றுபோகும் பிழையைவிட, ஓடி முடிந்துவிடும் இப்படிப்பட்ட பிழைதான் ஆபத்து.

திருத்துவது எளிது. உள்ளீட்டின் பெயரையே ‘தொகை_பைசாவில்’ என்று மாற்றுங்கள். ‘முழு எண் மட்டும், 500 ரூபாய்க்கு 50000’ என்று ஓர் உதாரணம் போடுங்கள். தேதிக்கும் இதே விதிதான். 03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை எழுதிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

அடுத்து, எப்போது பயன்படுத்தக் கூடாது என்பது. பலர் விட்டுவிடும் பகுதி இது. ‘ஆர்டர் ரத்து’, ‘ரீஃபண்ட்’ என இரண்டு டூல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஏஜென்ட் எதை எடுக்கும்? ‘பொருள் இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் இதை அழைக்காதே, ரத்து டூலை அழை’ என்று ரீஃபண்ட் டூலின் விளக்கத்தில் ஒரு வரி இருந்தால் குழப்பம் தீரும்.

எரர் செய்தியும் ஆவணம்தான். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும். ‘ஆர்டர் எண் 10 இலக்கம் இருக்க வேண்டும், வந்தது 8’ என்று வந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும்.

சில இடங்களில் விளக்கத்தைவிட டூலையே மாற்றுவது மேல். ஆந்த்ராபிக் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. நிரல் திருத்தும் அவர்களுடைய ஏஜென்ட், மூலக் கோப்புறையை விட்டு வேறிடத்துக்கு நகர்ந்த பிறகு கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழுப் பாதையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டூலை மாற்றினார்கள். அந்தத் தவறு நின்றுவிட்டது.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கவும் வேண்டாம். விளக்கங்கள் எல்லாம், மொழி மாதிரி ஒரு நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்குள் இடம் பிடிப்பவை. அதற்குக் கட்டணமும் உண்டு. இன்னொன்று, விளக்கம் பூட்டு ஆகாது. ‘அனுமதி இல்லாமல் அழிக்காதே’ என்று எழுதினால் மட்டும் போதாது. அழிக்கும் முன் மனிதரின் ஒப்புதலைக் கேட்கும் தடையை நிரலிலேயே வைக்க வேண்டும்.

இந்த ஒழுக்கம் ஏஐயோடு பிறந்ததல்ல. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று தலைப்புகள் இருந்தன. ‘பிழைகள்’ என்றும் ஒரு தலைப்பு வைத்து, கட்டளையின் குறைகளை அதை எழுதியவர்களே சொல்லிவைத்தார்கள்.

உங்கள் குழுவின் டூல் ஒன்றின் விளக்கத்தை, நிரலைக் காட்டாமல், அதை அறியாத சக ஊழியரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அந்த விளக்கத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஏஜென்டுக்கு என்று எழுதியது அடுத்து வேலைக்கு வரும் மனிதருக்கும் உதவும்.