இருபது எழுத்து மந்திரம்

நம் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து விளையாடுவதைக் கண்டு நாம் கவலை கொள்வதுண்டு. அவ்விளையாட்டுகளின் மூலத்தை நாடினால், மொழிப்பற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டும் அங்கே கிடைக்கிறது.

1986-ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. 'அல்டிமா', 'விசர்ட்ரி' என்னும் அமெரிக்கக் கணினி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட யூஜி ஹோரி, அவற்றின் முறையை வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கேற்ப எளிமையாக்கினார். படம், இசை, கதை யாவும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே கட்டகானா எழுத்துகளிற் சிலவற்றையே சேர்த்தனர். ஆயினும் தாய்மொழியைக் கைவிட்டாரில்லர். விட்ட இடத்திலிருந்து தொடர, அரசன் உரைக்கும் 20 எழுத்து 'உயிர்ப்பு மந்திரத்தை'ச் சிறுவர் தாளில் எழுதிவைத்தனர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கதவு திறவாது!

1987-இல் 'ஃபைனல் ஃபேன்டசி' தொடர்ந்தது. வீரன் அனுபவப் புள்ளிகள் சேர்த்துப் படிப்படியாக வலிமை பெறும் அம்முறை, இன்று கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றிலும் வாழ்கிறது.

பெங்களூரும் இத்தொழிலுக்குப் புதிதன்று; 'துருவா இன்டராக்டிவ்' 1997-லேயே இங்குத் தோன்றியது. திறன் உண்டு, தமிழ் எழுத்தே நம் இல்லங்களில் தேய்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலர் அதனை வாசிக்கத் தடுமாறுகின்றனர். பெற்றோரே, ஒரு தாளில் காடும் கோட்டையும் வரையுங்கள்; வாயிலைத் திறக்கத் தமிழில் ஒரு மந்திரம் எழுதுங்கள். விளையாட்டின் ஆவலே அவர்களை வாசிக்க வைக்கும்.