பை வைத்துத் தைத்த பெண்மணி

விளையாட்டுடை என்றதும் பந்தாடுவோர் அணியும் காற்சட்டையே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க வழக்கிலோ அச்சொல் விரிந்த பொருளுடையது. வேலைக்கும் பயணத்துக்கும் ஏற்ற, உடலை இறுக்காத அன்றாட உடையையும் அது குறிக்கும். அப்பொருள் நிலைபெற உழைத்தோருள் தலைசிறந்தவர் கிளேர் மக்கார்டல் அம்மையார்.

1905இல் மேரிலாந்து மாநிலத்துப் பிரடெரிக் நகரில் பிறந்த அவர், நியூயார்க்கிலும் பாரிசிலும் உடையமைப்புப் பயின்றார். அந்நாளில் அமெரிக்க உடை நிறுவனங்கள் பாரிசின் பாணியைப் படியெடுத்தே பிழைத்தன. உடையை வரைந்தவர் பெயர் வெளியே தெரியாது. டவுன்லி நிறுவனத்தில் தலைமை வரைவாளர் 1932இல் நீரில் மூழ்கி இறக்கவே, உதவியாளராயிருந்த அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார்.

1938இல் அவர் அமைத்த 'துறவியுடை' தோளிலிருந்து கூடாரம்போல் தொங்குவது. இடுப்பில் தையல் கிடையாது. அணிபவள் தன் உடலுக்கேற்பக் கச்சையால் கட்டிக்கொள்வாள். உடலை உடைக்கு ஒடுக்கும் வழக்கம் இங்கே தலைகீழாயிற்று. உடை நன்றாக விற்றது. ஆனால் கண்டவரெல்லாம் படியெடுத்தனர். அவர்களோடு வழக்காடியே பொருளிழந்து டவுன்லி கடையடைத்தது. புதுமை செய்தவருக்கு இழப்பும் பார்த்தெழுதியவருக்கு வரவும் கிட்டியது கொடுமையன்றோ!

1940இல் பாரிசு செர்மானியர் கைப்பட்டது. அமெரிக்கர் தம் அறிவையே நம்ப வேண்டியதாயிற்று. மீண்டும் திறந்த டவுன்லியில் அம்மையாரின் பெயரே உடைச்சீட்டில் இடம்பெற்றது. வீட்டு வேலைக்காரர்கள் போர்த்தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட, வீட்டுவேலையைத் தாமே செய்யும் பெண்களுக்கென ஓர் உடை வேண்டுமென ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ் கேட்டது. 1942இல் பிறந்தது 'பாப்ஓவர்'. முரட்டு டெனிம் துணி, பெரிய பை, சூட்டுப் பாத்திரம் பிடிக்கும் கையுறை ஆகியன சேர்ந்து விலை 6 டாலர் 95 காசு. தோற்காலணிக்குப் பங்கீடு வந்தபோது, அதற்குட்படாத நடனக் காலணியையே தெருவில் நடக்க ஏற்றதாக்கினார்.

பை சிறு செய்தியன்று. பையில்லா உடை உடுத்தவளுக்கு ஒரு கை எப்போதும் சுமையோடிருக்கும். ஆடவர் உடைக்குள்ள வசதி பெண்ணுடைக்கு ஏன் ஆகாது என்பதே அம்மையாரின் வினா. இன்றும் கடைகளில் பையற்ற பெண்ணுடைகளே மலிந்திருத்தலைக் காண்க.

1955இல் டைம் இதழின் முகப்பில் அவர் உருவம் வந்தது. மூன்றாண்டுக்குள், 1958 மார்ச்சில், புற்றுநோயால் 52ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரில் உடைகள் வெளிவருதலைக் குடும்பத்தார் நிறுத்திவிட்டனர்.