கொல்லைப்புறத்து ஆபத்து

ஊர்தோறும் கக்கூஸ் கட்டவேண்டுமென்று மேடையேறி முழங்கும் நம்மில் எத்தனை பேர், நம் வீட்டுக் கக்கூஸில் வயதான தாயாரும் தகப்பனாரும் எவ்விதம் உட்கார்ந்து எழுகிறார்கள் என்று ஒருநாளேனும் யோசித்திருப்போம்? இதென்ன பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். 1896-ம் வருஷம் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது, ராஜ்கோட்டில் காந்தியடிகள் வீடுவீடாகச் சென்று கக்கூஸ்களைச் சோதித்தார். ஏழைகள் ஆட்சேபமின்றிக் காட்டினர். பெரிய மனிதர்களில் சிலரே உள்ளே விட மறுத்தனர். அசுத்தம் அதிகமாயிருந்ததும் பெரிய மனிதர் வீடுகளிலேதான். அந்தக் கூச்சம் இன்னும் நம்மை விட்டு அகன்றபாடில்லை.

2014-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய தூய்மை பாரதத் திட்டத்தில், கிராமத்து வீட்டுக் கக்கூஸ் ஒன்றுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை ஏற்பட்டது. நல்ல காரியமே, அதை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், கக்கூஸ் உண்டா இல்லையா என்று கணக்கெடுத்தார்களேயன்றி, வீட்டிலுள்ள கிழவி அதன் படியேறி, குந்தியிருந்து, பிறர் உதவியின்றி எழ முடியுமா என்று கேட்டவர் அரிது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள். இது அற்பத் தொகையன்று.

நடுநிசியில் நடப்பதைச் சற்றுக் கவனிப்போம். முதுமையில் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து செல்லவேண்டியிருப்பது சகஜம். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதும், நீரிழிவும், இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் நீர்பிரியும் மாத்திரையும் இதை அதிகப்படுத்தும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்தம் கால்களில் தங்கி, அழுத்தம் குறைந்து, தலை சுற்றுகிறது. கண்ணில் புரை, வழியில் விளக்கில்லை, நிலைப்படி தடுக்குகிறது. நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்குத் தரை ஈரமாயிருப்பதே தெரியாது. சோப்புத் தண்ணீர் படிந்த வழவழப்பான ஓடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குந்தி எழும்போது மறுபடியும் அதே தலைசுற்றல். பிடித்துக்கொள்ளக் குழாயைத் தவிர வேறொன்றுமில்லை. குழாயோ மனிதன் பாரத்தைத் தாங்கச் செய்ததன்று.

விழுந்தபின் நேர்வது யாவரும் அறிந்ததே. மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு மெலிவதால் அவர்களுக்கே தொடையெலும்பு அதிகம் முறிகிறது. முறிந்தால் சீக்கிரம் ரணசிகிச்சை செய்து நடக்கவைக்கவேண்டும். தாமதித்தால் படுக்கைப்புண், நிமோனியா, இரத்தக்கட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும். உலகத்தில் வருஷந்தோறும் 6,84,000 பேர் விழுந்து மாண்டுபோகிறார்கள் என்றும், இவ்விதம் மடிவோரில் அறுபது வயது கடந்தோரே மிகுதியென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நாமோ ‘வயதாகிவிட்டது, விதி’ என்று சொல்லிவிடுகிறோம்.

விழாதவர்கள் படும் பாடும் குறைந்ததல்ல. கொல்லைக்குப் போக அஞ்சி, மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் வயோதிகர் அநேகர். அதனால் மலச்சிக்கல், அதனால் முக்குதல், அதனால் இருதயத்துக்குச் சிரமம். மூத்திரக் கோளாறுகளும் உடன் வருகின்றன. மகனிடம் இதைச் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்லவோ நா எழாது. வைத்தியரும் கேட்பதில்லை.

சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் பந்தலிட்டு, ஊரைக் கூட்டி, குடங்குடமாக அவர்கள் தலையில் நீர் வார்க்கிறோம். மறுநாள் அவர்கள் தனியே குளிக்கப்போகும் அறையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவர் இல்லை. பந்தற்செலவில் சிறுபகுதி போதும்: சுவரில் உறுதியாகப் பதித்த இரண்டு கைப்பிடிக் கம்பிகள், சொரசொரப்பான தரை, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, முழங்கால் மடங்காதவர்க்கு உயரமான பீடம். வாடகை வீடாயின், குழியின்மேல் வைக்கும் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது.

பெற்றோர் பராமரிப்புக்காக 2007-ம் வருஷத்தில் ஏற்பட்ட சட்டம் உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இருப்பிடமென்பதில் குளியலறையும் அடக்கமென்றே நாம் கருதுகிறோம். வீடு கட்டவும் கக்கூஸ் கட்டவும் பொதுப்பணம் வழங்கப்படும் இடங்களில், முதியோருள்ள வீட்டுக்குக் கம்பியும் பீடமும் சேர்த்தே அனுமதிக்கும்படி பஞ்சாயத்துக்களில் தீர்மானம் கொண்டுவர நம் ஊழியர்களுக்குத் தடையென்ன?

இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் குளியலறைக் கதவு உட்புறமாகத் திறக்கிறது. உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அவர்மீதே இடிக்கும். தாழ்ப்பாளும் போட்டிருந்தால் கேட்கவேண்டியதில்லை. அக்கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றி மாட்டுவது, ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை.