நாளை மறுநாள் வரும் களைப்பு

"நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?"

இந்த நோய் உள்ளவர்கள் அதிகம் கேட்டுச் சலித்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பிறந்தநாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துப் பேசியவர், செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கக் கையைத் தூக்க முடியாமல் கிடப்பார். வெளிச்சம் கண்ணைக் குத்தும். பக்கத்து அறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் தலைக்குள் இடிக்கும். சொல்ல வந்த வார்த்தை நாக்குக்கு வராது. ஞாயிறன்று பார்த்தவர்களுக்கு இது நடிப்பாகத் தோன்றும். ஆனால் ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவே உள்ள முடிச்சுதான் இந்த நோயின் அடையாளமே.

மயால்ஜிக் என்செஃபலோமைலிட்டிஸ், சுருக்கமாக எம்.இ. என்பது இதன் பெயர். நாட்பட்ட சோர்வு நோய் என்றும் சொல்வார்கள். சோர்வு என்ற அந்தச் சொல்லே நோயாளிக்குப் பெரிய இடைஞ்சல். வயல் வேலை முடிந்து வரும் அலுப்பும் கண் விழித்த அசதியும் படுத்து எழுந்தால் தீர்ந்துவிடும். இது தீராது. பலருக்கு ஏதோ ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்குகிறது. 2006-ல் சிக்குன்குனியா வந்துபோன பின்னும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களைத் தமிழ்நாட்டில் பார்த்திருக்கிறோம். காய்ச்சல் போனாலும் நோய் போகாது என்பது நமக்குப் புதிதல்ல. நெடுங்கோவிட் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் இப்போது எம்.இ.யின் அறிகுறிகளே இருக்கின்றன. அளவுக்கு மீறி எதைச் செய்தாலும் சரிவு வரும். ஒரு விண்ணப்பத்தை நிரப்புவதும் ஒரு வாக்குவாதமும்கூட அந்தக் கணக்கில் சேரும். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் அது வரும். வந்தால் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் போட்டுப் படுத்திவிடும்.

இதை அளந்து பார்த்த விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. முகத்தில் மூச்சை அளக்கும் முகமூடி, நெஞ்சில் ஈசிஜி வயர்கள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். மிதிக்க மிதிக்கப் பாரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில், தசை கேட்கும் சக்தியை ஆக்ஸிஜனைக் கொண்டு மட்டும் ஈடுகட்ட முடியாமல் உடல் வேறு வழியில் சமாளிக்கத் தொடங்கும். அந்த வரம்பைக் குறித்துக்கொள்வார்கள். முதல் நாளில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத நலமானவர்களுக்கும் எம்.இ. உள்ளவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதோடு விட்டிருந்தால் 'ஒன்றுமில்லை, கொஞ்சம் நடங்கள்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி ஸ்டீவன்ஸும் அவருடைய சகாக்களும் 24 மணி நேரம் கழித்து அதே ஆட்களை அதே சைக்கிளில் மறுபடி ஏற்றினார்கள். நலமானவர்கள் நேற்று செய்ததை இன்றும் செய்தார்கள். நோயாளிகளின் வரம்பு இறங்கியிருந்தது. நோயுள்ள 51 பெண்களை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2013-ல் பிசியோதெரபி இதழ் ஒன்றில் வெளியானது. சோம்பலோ பழக்கக் குறைவோ ஒரே இரவில் ஒருவரை இப்படிக் கீழே தள்ளாது.

2024-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போனார்கள். நெடுங்கோவிட் உள்ள 25 பேரின் தொடைத் தசையிலிருந்து, சைக்கிள் மிதிக்கும் முன்பும் மிதித்த மறுநாளும் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை மிதித்த பிறகு குறைந்திருந்தது. தசையின் சேதம் கூடியிருந்தது. நோயாளி வாயால் சொன்னபோது யாரும் நம்பாததைத் தசை சொன்னது.

நம்பாமைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நர்சுகளும் டாக்டர்களுமாக ஏறக்குறைய 300 ஊழியர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. அவர்களைப் பார்த்த மருத்துவர் மெல்வின் ராம்சே, இது உடலின் நோய் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 15 ஆண்டுகள் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை மட்டும் புரட்டிவிட்டு, ஒரு நோயாளியையும் நேரில் பரிசோதிக்காமல், இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது.

பிற்பாடு வந்த கொள்கை பார்வைக்குக் கனிவானது. பயத்தால் அசையாமல் கிடந்து உடல் தளர்ந்துவிட்டது. பயத்தைப் பேசித் தீர்த்து, உடற்பயிற்சியை வாரவாரம் கூட்டினால் சரியாகிவிடும் என்றது அது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007-ல் இதைப் பரிந்துரைத்தது. 641 பேரை வைத்து நடந்த பேஸ் ஆய்வு 2011-ல் 'லான்செட்' இதழில் இதை ஆதரித்தது. நோயாளிகளோ தங்களுக்கு மோசமாகிறது என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். ஆய்வின் முறை பற்றியும் கடும் கேள்விகள் எழுந்தன. 2021 அக்டோபரில் நைஸ் தன் வழிகாட்டலை மாற்றியது. கணக்கு வைத்துக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி வேண்டாம். பேச்சு சிகிச்சை துணைக்கு இருக்கலாம், நோயைக் குணமாக்கும் என்று தரக்கூடாது. கையில் உள்ள சக்திக்குள் வாழக் கற்றுக்கொடுங்கள் என்றது.

'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை எழுப்பி நடக்கவைத்த பிசியோதெரபிஸ்டுகள், இவர்களிடம் மட்டும் 'போதும், உட்காருங்கள்' என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. தொழிலின் அடித்தளமே மாறுகிற மாதிரியான மாற்றம் அது. இதை மனதார ஏற்றுக்கொண்டவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

குளியலையே எடுத்துக்கொள்வோம். எம்.இ. உள்ளவருக்கு அது ஒரு மலை. நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது. வெந்நீர் ரத்தக்குழாய்களை விரித்து இன்னும் தேங்கவைக்கிறது. தலையில் ஷாம்பு போட இரண்டு கையும் இதயத்துக்கு மேலே போகிறது. இதயம் தடதடவென்று ஓடுகிறது. அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பார்ப்பார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். தலைக்கு வேறொரு நாள். துவட்டுவதற்குப் பதில் பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு அப்படியே படுத்துவிடலாம், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். களைப்பு தெரிந்தபின் நிறுத்தினால் தாமதம் என்பதால், இதயத்துடிப்பு கூடினால் அதிரும் கைக்கடிகாரத்தைச் சிலருக்குக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல நாளில் அடங்கி இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றைக்கே முடித்துவிடக் கை பரபரக்கும்.

அங்கேதான் மனநல ஆலோசகர் வேண்டியிருக்கிறது. வேலை போயிருக்கும், நட்பு தேய்ந்திருக்கும், 'எனக்கே தெரியாமல் நான் நடிக்கிறேனோ' என்ற சந்தேகம் உள்ளே புகுந்திருக்கும். நல்ல ஆலோசகர் முதலில் நம்புகிறார். வீட்டாரையும் உட்காரவைத்து அந்த இரண்டு நாள் இடைவெளியை விளக்குகிறார்.

நால்வரில் ஒருவராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடு, அல்லது படுக்கையோடு முடங்குகிறார் என்கிறது 2015-ல் வந்த அமெரிக்க அறிக்கை. அப்படிப்பட்டவரைப் பார்க்க தெரபிஸ்ட்தான் வீட்டுக்குப் போக வேண்டும். திரை இழுத்த அறை. வாசனைத் திரவியம் பூசாமல் போவார். குரலைத் தாழ்த்தி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். தலையசைத்தால் போதும். தான் வந்துபோவதும் ஓர் உழைப்புதான் என்று அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தவர், வியாழக்கிழமை வீட்டாருக்குப் போன் செய்து கேட்கிறார்: "நான் வந்துட்டுப் போனது எப்படி இருந்துச்சு?" நேற்று இரவிலிருந்து எழுந்திருக்கவில்லை என்கிறார்கள். குறிப்பேட்டில் அடுத்த தடவைக்கு ஐந்து நிமிடம் என்று எழுதிக்கொள்கிறார்.