மயிலுக்குப் போர்வை தந்த மண்ணில் ஒரு தூக்கப் பாட்டுப் புத்தகம்

மேகம் கண்டு தோகை விரித்த மயிலைப் பார்த்து, ஐயோ, குளிரில் நடுங்குகிறதே என்று தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டான் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்டது இன்றைய பழனி மலைப் பகுதி. கொங்கு இருபத்துநான்கு நாடுகளில் ஒன்றான வைகாவூர் நாடு. புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் அவன் கொடையைப் போற்றுகின்றன. மயில் போர்வையை உடுத்துமா, மடித்து வைக்குமா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. இதைப் புலவர்கள் கொடைமடம் என்றார்கள். நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிக்கும். மயிலுக்குப் போர்வையா? தோகையை எங்கே வைத்துக்கொள்ளும்? கழுத்தில் கட்டினால் பறக்குமா?

தூங்கப்போகும் குழந்தைக்கான படப் புத்தகம் ஒன்றுக்கு வேண்டிய எல்லாமே இந்தக் கதையில் இருக்கின்றன. காட்டு உயிர் ஒன்று இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, இரக்கம் இருக்கிறது, போர்வையும் இருக்கிறது. எதுகையும் தாளமும் சேர்த்துவிட்டால் பாட்டாகிவிடும். இப்படிப்பட்ட புத்தகங்கள் கொங்கு நாட்டு வீடுகளில் தலையணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணில் குழந்தையும் காடும் அக்கம்பக்கத்தார். அவர்களுக்குள் பழக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதில் நிறைய இருக்கிறது.

பயமாக வரும் காடு

கோவைக் குழந்தையின் காதில் காட்டு விலங்கின் பெயர் முதலில் எப்படி விழுகிறது? "தடாகத்துல ஆனை வந்துருச்சாம்", "வால்பாறையில சிறுத்தையாம்", "தோட்டத்துல பன்னி பூந்துருச்சு". பெரியவர்கள் கவலையோடு பேசுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஒரே இரவில் வாழைத்தோட்டத்தை இழந்தவரிடம் போய் யானையின் அழகைப் பேச முடியாது. ஆனால் குழந்தைக்கு அந்த விலங்கு வேறு எந்த வழியிலும் அறிமுகம் ஆகவில்லை என்றால், காடு அதன் மனதில் ஒரு பயமாக மட்டுமே தங்கிவிடும்.

நம் பழங்கதையிலும் இந்தப் பக்கம் உண்டு. கொங்கின் பெருங்கதையான அண்ணன்மார் கதையில் கொம்பன் என்ற காட்டுப்பன்றி பெரும் பகை. ஆனால் அதே கதையில் அந்தப் பன்றியை எதிர்கொள்ள முன்னே நிற்பது பொன்னாச்சி என்னும் குட்டி நாய். சிறியது பெரியதைத் திணறடிக்கும் இடத்தில் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் இந்தக் கதையைக் கேட்டுப் பதிவுசெய்தார். பின்னாளில் அது அசைபடத் தொடராகவும் ஆனது. படமும் பாட்டும் கதையும் சேர்ந்து போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். தடாகம் பகுதியில் திரிந்த சின்னத்தம்பி யானையை ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அவன் நடந்தே கீழே இறங்கி உடுமலைப் பக்கம் வந்துவிட்டான். கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைப் பகுதியில் நின்றவனைப் பார்க்க ஊரே திரண்டது. அவன் யாரையும் தாக்கியதில்லை என்று தடாகத்து மக்களே சொன்னார்கள். பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனபோது, அவனைக் காட்டிலேயே விடுங்கள் என்று கேட்டவர்கள் ஏராளம். பயிர் தின்ற யானை மேல் இவ்வளவு பாசம் எப்படி வந்தது? அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு குணம் இருந்தது, சொல்ல ஒரு கதை இருந்தது. ஒரு விலங்கு ஊர்க்காரர் ஆவதற்கு இந்த மூன்றும் போதும். நல்ல படப் புத்தகம் செய்யும் வேலையும் இதுவே.

தூரன் போட்ட பாதை

இந்த வேலைக்குக் கொங்கு நாட்டில் முன்னோடி இருக்கிறார். ஈரோடு மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன். கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கல்வியாளர் அவிநாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தில் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை முடித்தார். 1968-ல் பத்மபூஷண் கிடைத்தது. அத்தோடு ஓய்ந்து உட்காரவில்லை. அதே ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் வெளிவரத் தொடங்கியது. பெரியவர்களுக்குச் செய்த அதே உழைப்பைக் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டும் என்று ஒரு பேரறிஞர் நினைத்த காலம் அது.

கர்நாடக இசை மேடையில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய அதே கைதான் சிறுவர் பாடல்களையும் 'சூரப்புலி', 'கொல்லிமலைக் குள்ளன்' போன்ற சிறுவர் கதைகளையும் எழுதியது. ஊர் ஊராகப் பாடப்பட்ட நாட்டுப் பாடல்களைத் திரட்டி 'காற்றில் வந்த கவிதை' என்று நூலாக்கியதும் அவரே. ராகம் தெரிந்தவர், நாட்டுப்பாட்டின் துள்ளல் தெரிந்தவர், அறிவியல் தகவலைச் சரிபார்த்துப் பழகியவர். குழந்தைப் பாட்டு எழுத இதைவிடத் தகுதி என்ன வேண்டும்? அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. புதிய ஓவியங்களோடு அவற்றை மறுபடி கொண்டுவர எந்தப் பதிப்பகத்துக்கும் தடை இல்லை.

இரவு ஷிப்டுக்காரர்

தூக்கப் புத்தகத்துக்குக் கொங்குக் காடுகளிலிருந்து ஒரே ஒரு பாத்திரம்தான் எடுக்கலாம் என்றால், நான் தேவாங்கைத்தான் எடுப்பேன். கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது.

கால் கிலோ தேறும் உடம்பு. குச்சி போன்ற கைகால். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட இரண்டு கண்கள். பகலெல்லாம் குடும்பமாகச் சுருண்டு, யாருடைய கை, யாருடைய கால் என்று தெரியாதபடி ஒரே பந்தாகத் தூங்கும். இருட்டியதும் எழுந்து, ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிக்கவே ஆற அமர யோசித்து நகரும். பூச்சியைக் கண்டுவிட்டால் மட்டும் கை மின்னலாகப் பாயும். குட்டியை வைத்திருக்கும் தாய், இரை தேடப் போகும்போது அதை ஒரு கிளையில் உட்காரவைத்துவிட்டுப் போகும். குட்டி அந்தக் கிளையைப் பிடித்தபடி அங்கேயே இருக்கும்.

மில் வேலைக்கு இரவு ஷிப்டு போகும் அம்மா, குழந்தையை அம்மிச்சியிடம் விட்டுப் போவது போலத்தான் இதுவும். கோவை, திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீ தூங்கு, தேவாங்கு வேலைக்குக் கிளம்பிவிட்டது. காலையில் நீ எழும்போது அது வீடு திரும்பிப் படுத்திருக்கும். தூக்கத்துக்கு அடம்பிடிக்கும் குழந்தையிடம் சொல்ல இதைவிட நல்ல சமாதானம் எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கும் பக்கம் ஒதுக்கலாம். கரடி தன் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். கறையானை உறிஞ்சும் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். அலங்கு என்னும் எறும்புதின்னி பயந்தால் செதில் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். போர்வைக்குள் சுருளும் பிள்ளைக்கு அதன் மனசு புரியும். மலை அணில் ஒரு கூட்டோடு நிற்காது, பல கூடுகளைக் கட்டிவைக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாறை ஓரமாக வரையாடு நின்று, வண்டிகளை நிதானமாகப் பார்க்கும். நம் மாநில விலங்கு அது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 இருந்தன. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். சிங்கத்தின் வாலை வைத்துக்கொண்டு பாலத்தில் நடக்கும் குரங்கு என்று சொன்னாலே பாதிப் பாட்டு வந்துவிடுகிறது.

எதுகை இல்லாமல் சிரிப்பு இல்லை

சிரிப்புப் பாட்டு எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழில் வரியின் கடைசியை ஒலிக்கவைப்பது உண்மையிலேயே எளிது. வந்துச்சு, நின்னுச்சு, தின்னுச்சு என்று வினைச்சொற்களே வரிசையில் வந்து நிற்கும். அப்படி வருவதில் சுவை இருக்காது. அடுத்த வரியைக் குழந்தையே முன்கூட்டிச் சொல்லிவிடும். நம் காது தேடுவது அடியின் தொடக்கத்தில் விழும் எதுகையை. அங்கே ஒலி ஒத்துப்போய், கடைசியில் எதிர்பாராத ஒன்று வந்து விழுந்தால்தான் சிரிப்பு. தேவாங்குக்குக் கொங்குப் பேச்சில் நான் கட்டிப் பார்த்தது இது:

ஊரு தூங்கும் வேளையிலே
யாருங்க அது மரத்து மேலே?
பாருங்க ரெண்டு முட்டைக் கண்ணு,
பிடிச்சதுங்க பூச்சி ஒண்ணு!

அம்மா போனா இரை தேட,
"சும்மா இரு கிளையோட!"
கம்முனு குட்டி உக்காந்தாச்சு,
கண்ணை மூட மறந்தே போச்சு!

இதில் கடைசி அடி அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும். கம்முனு உட்கார்ந்த குட்டியைப் பார்த்துவிட்டுக் குழந்தை பக்கத்தைத் திருப்பும்போது, முழுப் பக்கத்துக்கும் இரண்டு கண்கள் மட்டும் விழித்துப் பார்க்க வேண்டும். பாட்டு பாதி சொல்லும், மீதியைப் படம் சொல்லும். படத்தில் இருப்பதையே பாட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது பாடநூல் ஆகிவிடும்.

ஒலிக்காகப் புதிய விலங்கே பிறந்ததும் உண்டு. ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் ஜூலியா டொனால்ட்சன் ஒரு சீனக் கதையை வைத்துப் பாட்டுப் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது, ஆங்கிலத்தில் புலிக்கு ஒத்த ஒலி சரியாக அமையவில்லை. அதனால் 'கிரஃபலோ' என்ற இல்லாத மிருகத்தை உருவாக்கினார். 1999-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் உலகமெங்கும் போனது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. புலிக்கு எலியும் கிளியும் காத்திருக்கின்றன. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா தன் வாழ்நாள் முழுதும் செய்து காட்டியதும் இதைத்தான். கிருங்கை சேதுபதியின் 'சிறகு முளைத்த யானை' 2018-ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்ற பாடல் நூல். பாட்டுக்கட்டும் திறமைக்கு இங்கே என்றுமே பஞ்சம் வந்ததில்லை.

சாது என்றால் செல்லப்பிராணி அல்ல

ஒரு நியாயமான கேள்வி எழும். யானையைச் சாதுவாகக் காட்டினால், குழந்தை அதன் பக்கத்தில் போய்விடாதா? போகும், புத்தகம் பொய் சொன்னால். தென்கிழக்கு ஆசியத் தேவாங்கு ஒன்றைக் கிச்சுகிச்சு மூட்டி விளையாடும் காணொளி 2009 வாக்கில் உலகமெங்கும் பரவியது. அது கைகளைத் தூக்கியதைப் பார்த்துச் சிரித்தார்கள். உண்மையில் அது பயம். முழங்கை அருகே இருக்கும் நச்சுச் சுரப்பியை எட்டுவதற்காக அந்த இனம் கையைத் தூக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டவர்களால் விலங்குச் சந்தைதான் வளர்ந்தது. நம் தேவாங்கும் மருந்து, மாந்திரீகம் என்ற மூடநம்பிக்கையில் வேட்டையாடப்பட்ட உயிர்தான்.

ஆகவே நல்ல புத்தகம் விலங்கைக் கொஞ்சச் சொல்லாது. அது வாழும் விதத்தைச் சொல்லும். அந்த விதத்தில் இருக்கும் வேடிக்கையைச் சொல்லும். யானை தன் பாதையில் போகட்டும், நாம் நம் திண்ணையில் இருப்போம் என்ற மரியாதையைச் சேர்த்துச் சொல்லும். வால்பாறையில் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்களுக்கு அறிவிக்கிறார்கள். அந்த முயற்சிக்காகக் காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் "ஆனைங்க வர்றாங்க, வழி விடுங்க" என்று தேயிலைத் தோட்டத்துப் பாட்டி சொல்லும் ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் இருக்கலாம். அன்பும் எச்சரிக்கையும் ஒரே வரியில் வந்துவிடும்.

யார் செய்வது?

வழிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வாரியாகச் சிறு நூல்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறது. 'நுழை' நிலைக்கு அந்தந்த வட்டாரக் காட்டுயிர்களைப் பற்றிய பாட்டு நூல்கள் வரட்டும். ஆனைமலைப் பிள்ளைக்கு வரையாடு, கரூர்ப் பிள்ளைக்குத் தேவாங்கு. கோவை காந்திபுரத்தில் பெரியார் பெயரிலான நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் குழந்தைகள் பகுதியில் தூரன் பெயரில் ஓர் அலமாரி இருப்பது பொருத்தம். 2005 முதல் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவும், ஆண்டுதோறும் கோவையில் நடக்கும் புத்தகத் திருவிழாவும் பாடுகிறவரையும் வரைகிறவரையும் வன ஊழியரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கலாம். பழங்குடிகளான மலசரும் காடரும் இருளரும் அந்த மேசையில் முதலில் அமர வேண்டியவர்கள். இந்த விலங்குகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயரும் புத்தக அட்டையில் வர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் தொடங்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை முடிந்து வரும் அப்பாவோ அம்மாவோ, ஆத்தாவோ அப்பாரோ, படுக்கையில் பத்து நிமிடம் குரல் கொடுத்துப் படிக்க வேண்டும். ராகம் தப்பினாலும் குழந்தை குறை சொல்லாது. கரடிக்கு ஒரு குரல், மயிலுக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசினால் போதும். அந்தக் குழந்தை நாளை வனத்துறை அதிகாரியாகலாம், தோட்டத்துக்கு வேலி போடும் விவசாயியாகலாம், சாலை போடும் பொறியாளராகலாம். காட்டைப் பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டிய நாள் அவர்கள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு அவர்கள் மனதில் யானையும் தேவாங்கும் வெறும் செய்தியாக இல்லாமல், சின்ன வயதிலிருந்தே பெயர் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த அறிமுகத்தை இப்போதே, இந்த வயதிலேயே, சிரிக்கச் சிரிக்கச் செய்துவைப்பது நம் கடமை.